கணக்கு தப்பிய அதிர்ச்சி அலை

ஆனி, ஆடியில் தென்காசிப் பக்கம் யாரைப் பார்த்தாலும் முதலில் கேட்பது, "தண்ணி விழுதா?" என்றுதான். விழுகிறது என்றால் பேரருவியிலா, ஐந்தருவியிலா, பழைய குற்றாலத்திலா என்று அடுத்த பேச்சு தொடங்கும். பேரருவியில் பாதுகாப்பு வளைவைத் தாண்டிக் கொட்டினால் குளிக்கத் தடை, குறைந்தால் அனுமதி. எல்லோர் கண்ணும் மேலேயே இருக்கும். இந்தக் கட்டுரைக்கு வேண்டிய சமாச்சாரம் கால்மாட்டில் நடக்கிறது.

அருவி விழுந்து, பாறைத் தளத்தில் மெல்லிய படலமாகப் பரவி, வேகமாக வழுக்கிக்கொண்டு ஓடும் தண்ணீரைக் கவனியுங்கள். ஓரிடத்தில் அது சட்டென்று எழும்பி நிற்கும். அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் கணுக்கால்கூட நனையாது. அந்தப் பக்கம் முழங்காலை நெருங்கும். நடுவில் நுரையும் இரைச்சலும். தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும், கோடு மட்டும் இருந்த இடத்திலேயே நிற்கும். பொறியாளர்கள் இதை ஹைட்ராலிக் ஜம்ப் என்பார்கள். அணைக்கட்டுகளின் அடியில் தண்ணீரின் மூர்க்கத்தைத் தணிக்க இதை வேண்டுமென்றே உண்டாக்குவதும் உண்டு.

ஏன் எழும்புகிறது? ஆழம் குறைந்த தண்ணீரில் ஒரு சிற்றலை எவ்வளவு வேகமாக நகரும் என்பதை ஆழமே தீர்மானிக்கிறது. ஆழத்தைப் புவியீர்ப்பு முடுக்கமான 9.8-ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் அந்த வேகம் கிடைக்கும். 5 செ.மீ. ஆழத்துக்கு நொடிக்கு 0.7 மீட்டர். தண்ணீரோ நொடிக்கு 4 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் கீழே என்ன இருக்கிறது என்ற சேதி மேலே ஏறி வரவே முடியாது. முன்னால் மெதுவான, ஆழமான தண்ணீர் தேங்கி நிற்பது இந்தப் படலத்துக்குத் தெரியாது. தெரியாமலேயே போய் மோதுகிறது. ஒலியைவிட வேகமாகப் பறக்கும் விமானத்துக்கு முன்னால் இருக்கும் காற்றின் நிலையும் இதுதான். விமானம் வரும் சேதி காற்றுக்கு முன்கூட்டி எட்டாது. எட்டும்போது அதிர்ச்சி அலையாகவே எட்டும்.

இந்த ஒற்றுமை வெறும் தோற்றத்தில் மட்டும் இல்லை. ஆழமற்ற நீரோட்டத்தின் சமன்பாடுகளில் ஆழம் என்று வரும் இடத்திலெல்லாம் அடர்த்தி என்று எழுதிவிட்டால், அழுத்தம் அடர்த்தியின் வர்க்கத்துக்கு ஏற்ப உயரும் ஒரு வாயுவின் சமன்பாடுகள் அப்படியே கிடைத்துவிடும். அப்படியொரு வாயு இயற்கையில் இல்லை என்பது வேறு விஷயம். கணிதத்துக்கு அதைப் பற்றிக் கவலை கிடையாது. அந்த வகையில் அருவியடியில் நிற்கும் நுரைக்கோடு, அந்தக் கற்பனை வாயுவில் நிற்கும் அதிர்ச்சி அலையேதான்.

தென்காசியில் காற்றுக்குப் பேர்போன இடம் காசி விசுவநாதர் கோயில் கோபுர வாசல். அங்கே வீசும் காற்றில் இந்தச் சங்கதியைத் தேட வேண்டாம். நொடிக்கு 15 மீட்டர் என்று தாராளமாக வைத்தாலும் ஒலியின் வேகமான 340-க்குப் பக்கத்தில் அது ஒன்றுமே இல்லை. காற்றின் அடர்த்தி ஆயிரத்தில் ஒரு பங்கு மாறினால் அதிகம். உண்மையான அழுந்தும் வாயுவோட்டம் வேண்டுமானால் இதே மேற்குத் தொடர்ச்சி மலையைப் பிடித்துக்கொண்டு தெற்கே மகேந்திரகிரிக்குப் போக வேண்டும். அங்குள்ள இஸ்ரோ உந்துவிசை வளாகத்தில் 2024 நவம்பர் 29 அன்று சிஇ-20 கிரையோஜெனிக் எஞ்சினைத் தரைமட்டக் காற்றழுத்தத்தில் எரித்துச் சோதித்தார்கள். அந்த எஞ்சினில் வாயுவை வெளியே பீய்ச்சும் நாசிலின் வாய், அதன் கழுத்தைப் போல 100 மடங்கு பரப்பு கொண்டது. விண்வெளிக்கு அருகில் வேலை செய்வதற்காக அப்படி விரித்துச் செய்திருக்கிறார்கள். வாய்க்கு வரும்போது உள்ளே இருக்கும் வாயுவின் அழுத்தம் 50 மில்லிபார் அளவுக்கு இறங்கிவிடும். வெளியே நம் காற்றோ 1000 மில்லிபார். இருபது மடங்கு அழுத்தம் வெளியிலிருந்து நெருக்கினால் அதிர்ச்சி அலை நாசிலுக்குள்ளேயே ஏறிவிடும், ஓட்டம் சுவரை விட்டுப் பிரியும், எஞ்சின் உதறும். அதைத் தடுக்க நாசிலுக்கென்று தனிப் பாதுகாப்பு அமைப்பு ஒன்றைப் பொருத்தியே சோதனையை நடத்தினார்கள். ஓடையில் கீழ்ப்பக்கத் தண்ணீர் ஏறினால் நுரைக்கோடு அருவியை நோக்கி நகரும் அல்லவா? இரண்டும் ஒரே வகைச் சமன்பாட்டின் வேலை.

சரி, கோட்டுக்கு அந்தப் பக்கம் தண்ணீர் எவ்வளவு உயரும்? இங்கேதான் விவகாரமே இருக்கிறது. ஓட்டத்தின் சமன்பாடுகள் வகைக்கெழுச் சமன்பாடுகள். ஒவ்வொரு இடத்திலும் ஆழம் எவ்வளவு சரிவாக மாறுகிறது என்று கேட்பவை. ஆழமே துண்டாகத் தாவும் இடத்தில் சரிவு என்று ஒன்று கிடையாது. அங்கே சமன்பாடு வாயடைத்துப் போகும். மிஞ்சுவது வரவு செலவு மட்டுமே. கோட்டுக்குள் போனது எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு?

ஆனால் எதன் வரவு செலவு? நிறையைச் சேர்க்க வேண்டும், அதில் தகராறு இல்லை. இன்னொன்று வேண்டும். உந்தமா, ஆற்றலா? கையில் இருக்கும் எண்களைப் போட்டுப் பார்க்கலாம். 5 செ.மீ. ஆழம், நொடிக்கு 4 மீட்டர். ஆற்றல் குறையவில்லை என்று கணக்கிட்டால் அந்தப் பக்கம் 86 செ.மீ. உயர வேண்டும், இடுப்பைத் தொடும். உந்தம் மாறவில்லை என்று கணக்கிட்டால் 38 செ.மீ. உண்மையில் நிற்பது 38-ஐ ஒட்டித்தான். ஆற்றலில் பாதிக்கு மேல், சரியாகச் சொன்னால் நூற்றுக்கு 54.5 பங்கு, அந்த நுரையிலும் சுழலிலும் கரைந்து வெப்பமாகிவிடுகிறது. அவ்வளவு ஆர்ப்பாட்டத்துக்கும் தண்ணீர் சூடேறுவது ஆயிரத்தில் ஒரு டிகிரிதான். அதனால்தான் யாருக்கும் தெரிவதில்லை.

இதில் பெரியவர்களே சறுக்கியிருக்கிறார்கள். பிரெஞ்சுப் பொறியாளர் பெலாஞ்சே 1828-இல் இந்தத் தாவலை ஆற்றல் கணக்கில் எழுதினார். 1840-ஐ ஒட்டிய ஆண்டுகளில் உந்தக் கணக்குக்கு மாற்றிக்கொண்டார். இன்று பாடப்புத்தகங்களில் அவர் பெயரில் இருப்பது அந்தத் திருத்திய சூத்திரம். வாயுவில் நடந்த கதை இதற்கு நேர் எதிர். கேம்பிரிட்ஜில் ஜார்ஜ் ஸ்டோக்ஸ் 1848-இல், வெப்பநிலை மாறாத வாயு ஒன்றில் அடர்த்தி துண்டாகத் தாவ முடியும் என்று காட்டினார். நிறையும் உந்தமும் சரியாகப் பொருந்தின. பிறகு கெல்வினும் ரேலியும், "ஆற்றல் கணக்கு உதைக்கிறதே" என்று கேட்டார்கள். ஸ்டோக்ஸ் ஒப்புக்கொண்டு பின்வாங்கினார். 1883-இல் தம் கட்டுரைகளைத் தொகுத்தபோது அந்தப் பகுதியையே வெட்டிவிட்டார். சரியாகச் செய்ததை நல்ல மனிதர் தப்பென்று நினைத்து எடுத்துவிட்டார் என்பதுதான் எனக்கு இதில் பெரிய வருத்தம். ரீமன் 1860-லும், ராங்கின் 1870-லும், ஹியூகோனியோ 1880-களின் இறுதியிலும் எழுதிய பிறகே கணக்கு ஒரு நிலைக்கு வந்தது. அதிலும் ரீமன், அலையின் குறுக்கே என்ட்ரோபி மாறாது என்று எடுத்துக்கொண்டார். காற்றில் ஆற்றலையும் சேர்த்து மூன்று கணக்கும் நேராக வேண்டும், அப்படி நேரானால் என்ட்ரோபி கூடியே தீரும் என்பது அடுத்தவர்களின் திருத்தம். அடுத்த நூற்றாண்டில் போர் வந்தபோது இந்தக் கணக்குக்கு மவுசு ஏறியது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த எஸ். சந்திரசேகரே 1943-இல் நட்சத்திரங்களை ஒதுக்கி வைத்துவிட்டு, அமெரிக்க ராணுவத்தின் ஆபர்டீன் ஆய்வுக்கூடத்தில் அதிர்ச்சி அலை எப்படித் தேய்கிறது என்று எழுதிக்கொண்டிருந்தார்.

ஓட்டம் சீராக இருக்கும்வரை எந்தக் கணக்கில் எழுதினாலும் ஒன்றுதான். உந்தச் சமன்பாட்டைக் கொஞ்சம் பெருக்கி, கொஞ்சம் கழித்தால் திசைவேகச் சமன்பாடு வந்துவிடும், இன்னும் கொஞ்சம் திருகினால் ஆற்றல் சமன்பாடு வந்துவிடும். எல்லாம் ஒரே உண்மையின் வேறு வேறு எழுத்து. தாவல் வந்த கணமே அவை பிரிந்துவிடுகின்றன. எதைக் காக்கிறோம் என்று தேர்ந்தெடுத்தோமோ அதை ஒட்டி அலையின் உயரம் மாறும், வேகம் மாறும். இன்னும் மோசமாக, அலையே இல்லாமலும் போகலாம்.

அந்த மோசமான இடத்துக்கு வருவதற்கு முன்னால் சாதாரண அலை எப்படி நிலைத்து நிற்கிறது என்று பார்த்துவிட வேண்டும். குற்றாலத்தில் அதற்கு ஒரு கசப்பான உதாரணம் உண்டு. 2024 மே 17 அன்று, மலையில் பெய்த கோடை மழையால் பழைய குற்றாலம் அருவியில் திடீர் வெள்ளம் வந்தது. 17 வயது மாணவர் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார். காட்டாற்று வெள்ளம் படிப்படியாக ஏறாது, சுவர் மாதிரி வரும் என்று மலையடிவாரத்துக்காரர்கள் சொல்வதில் இயற்பியல் இருக்கிறது. கணக்குக்காக ஓடையைச் சமதளமாக்கி, அதில் 20 செ.மீ. தண்ணீர் அசையாமல் கிடக்கிறது என்போம். மொத்த ஆழம் 1 மீட்டர் ஆகும்படி அதன்மேல் வெள்ளம் ஏறி வருகிறது. சாதாரணச் சிற்றலை அந்த 20 செ.மீ. தண்ணீரில் நொடிக்கு 1.4 மீட்டர் போகும். வெள்ளத்தின் முகப்போ நொடிக்கு 5.4 மீட்டரில் வரும். 200 மீட்டருக்கு அப்பால் மடை திறந்தால் வந்து சேர 37 நொடி. முன்னால் சலசலப்பு எதுவும் வந்து எச்சரிக்காது, ஏனென்றால் முகப்பு அந்தச் சலசலப்பையே முந்திவிடுகிறது.

பின்னால் வரும் தண்ணீரில் சிற்றலைகள் 7.5 மீட்டர் வேகத்தில் துரத்திக்கொண்டு வந்து முகப்பில் சேர்கின்றன. முகப்புக்கு முன்னால் இருப்பவை, வருவதும் போவதுமாக எந்தத் திசையில் நகர்ந்தாலும், முகப்பிடம் அகப்பட்டுக்கொள்கின்றன. ஆக நான்கு வகைச் சேதிகளில் மூன்று முகப்புக்குள் போகின்றன. நான்காவது மட்டும், பின்புறத் தண்ணீரில் எதிர்த்து நீந்தும் சிற்றலை, நொடிக்கு 1.2 மீட்டர் என்று பின்தங்கி முகப்பை விட்டு விலகிப்போகிறது. மூன்று உள்ளே, ஒன்று வெளியே. பீட்டர் லாக்ஸ் 1957-இல் இதைப் பொது விதியாக்கினார். அந்த ஒரு வெளிவழி இருப்பதால்தான் அலை தனக்கு ஏற்ற உயரத்தைப் பிடித்து நிலைக்கிறது.

நான்கும் உள்ளேயே போனால்? வெளிவழியே இல்லாவிட்டால்?

அழுத்தமே இல்லாத ஒரு வாயுவை எடுத்துக்கொள்ளுங்கள். துகள்கள் ஒன்றையொன்று தள்ளாது. இடமிருந்தும் வலமிருந்தும் மீட்டருக்கு 1 கிராம் என்ற கணக்கில் தூசி, நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் எதிரெதிரே வருகிறது. சந்திக்கும் இடத்தில் ஒட்டிக்கொள்கிறது. நொடிக்கு 10 கிராம் அங்கே சேரும், ஒரு நிமிடத்தில் 600 கிராம். தடிமன் இல்லாத ஒரு கோட்டின் மேல் 600 கிராம்! அடர்த்தி எவ்வளவு என்று கேட்டால் முடிவிலி என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் மொத்த நிறை முடிவுள்ள எண், அது நொடிக்கு நொடி கூடுகிறது. இயற்பியலில் டிராக் பெயரில் வழங்கும் டெல்டா சார்பு இப்படித்தான் இருக்கும். அகலம் சுழி, உயரம் முடிவிலி, பரப்பளவு மட்டும் சாதாரண எண். இந்த அலைக்கு டெல்டா அதிர்ச்சி அலை என்று பெயர். 1970-இல் யாகோவ் செல்தோவிச், பேரண்டத்தில் பொருள் எப்படித் தகடு தகடாகத் திரண்டது என்று விளக்கியதற்கு அடிப்படையில் இருப்பதும் அழுத்தமில்லாத பொருளின் இந்த நடத்தைதான். கணிதத்தில் 1977-இல் கார்ச்சின்ஸ்கி ஓர் ஆய்வேட்டில் இத்தகைய தீர்வுகளைக் கண்டார். 1993-இல் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கே.டி. ஜோசப், சமன்பாட்டில் சிறிது பாகுநிலையைச் சேர்த்துவிட்டு, பிறகு அதை மெல்ல மெல்லச் சுழியாக்கினால் டெல்டா தானாகவே வந்து நிற்பதைக் காட்டினார். கையால் ஒட்டவைத்த தீர்வு இல்லை அது என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடைப்பது கடினம்.

டெல்டா அலை விசித்திரமானது, ஆனால் நேர்மையானது என்பேன். நிறை, உந்தம் இரண்டின் கணக்கும் அதில் சரியாக இருக்கின்றன. இதற்கும் ஒரு படி மேலே போய் 1990-ஐ ஒட்டி பார்பரா கைஃபிட்ஸும் ஹெர்பர்ட் கிரான்சரும் கண்டது வேறு ஜாதி. அதைத்தான் சிங்குலர் ஷாக் என்கிறார்கள். அவர்கள் எடுத்த சமன்பாட்டு ஜோடியில் இரண்டு அளவுகள். இரண்டாவது அளவில் டெல்டா வருகிறது. முதல் அளவோ டெல்டாவின் வர்க்கமூலம் போல நடந்துகொள்கிறது. டெல்டாவுக்கு வர்க்கமூலம் என்பதே அபத்தமாகக் கேட்கும், எண்களில் பார்த்தால் அவ்வளவு அபத்தமில்லை. நூறில் ஒரு பங்கு அகலத்தில் 10 உயரமுள்ள கூர்முனை ஒன்றை வரையுங்கள். பரப்பளவு 0.1. உயரத்தை வர்க்கமாக்கினால் 100, பரப்பளவு 1. அகலத்தைப் பத்தாயிரத்தில் ஒன்றாக்கி உயரத்தை 100 ஆக்குங்கள். பரப்பளவு 0.01-ஆகச் சுருங்கிவிட்டது. வர்க்கத்தின் பரப்பளவு அப்போதும் 1. தொடர்ந்து போனால் கூர்முனை கணக்கிலிருந்தே காணாமல் போகும், அதன் வர்க்கம் மட்டும் முழுதாக நிற்கும். எடை போட்டால் ஒன்றுமில்லை, வர்க்கத்தை எடை போட்டால் ஒரு கிலோ. 1995-இல் இதற்கென்றே புதிய கணித வெளி ஒன்றை அவர்கள் கட்ட வேண்டியிருந்தது.

அந்தச் சமன்பாட்டு ஜோடி எங்கிருந்து வந்தது? பார்த்தால் யாரோ வசதிக்காகப் புனைந்தது போல இருக்கும். முதல் அளவைத் திசைவேகம் என்றும், இரண்டாவதைத் திசைவேக வர்க்கத்தில் பாதியிலிருந்து அடர்த்தியின் மடக்கையைக் கழித்தது என்றும் எழுதிப் பார்த்தால் குட்டு உடைந்துவிடும். அது வெப்பநிலை மாறாத வாயு. ஸ்டோக்ஸ் 1848-இல் எடுத்த அதே வாயு! ஓட்டம் சீராக இருக்கும்வரை இரண்டுக்கும் இம்மியும் வித்தியாசமில்லை. நிறை, உந்தம் என்று எழுதினால் எவ்வளவு பெரிய மோதலானாலும் சாதாரண அதிர்ச்சி அலைகளே போதும். ஜப்பானியக் கணிதர் நிஷிதா 1968-இல் இந்த வாயுவுக்கு எக்காலத்துக்கும் நிலைக்கும் தீர்வு உண்டென்று நிறுவியிருக்கிறார். அதே வாயுவை மேலே சொன்ன வேறு இரண்டு அளவுகளில் எழுதி அவற்றைக் காக்கச் சொன்னால், சில மோதல்களுக்குச் சாதாரண அலை எதுவும் பொருந்துவதில்லை. சிங்குலர் ஷாக் முளைக்கிறது. அந்தக் கூர்முனைக்குள் எட்டிப் பார்த்தால் இன்னொரு கூத்து. வேகம் எகிற எகிற, அடர்த்தி ஏறக்குறைய வெற்றிடமாக இறங்குகிறது. மோதலில் வாயு நெரிபட வேண்டிய இடத்தில் வாயுவே இல்லை! நிறையைக் காக்கச் சொல்லவில்லையே, அதனால் சமன்பாடு காக்கவில்லை.

கைஃபிட்ஸும் காரிஸ் சிக்குவும் 2012-இல் வாயுக்களில் இதை விரிவாகச் செய்தபோது, வாயு இயக்கவியலில் தவறான அளவுகளைக் காப்பது பற்றி என்றே கட்டுரைக்குத் தலைப்பிட்டார்கள். ஆராய்ச்சிக் கட்டுரைத் தலைப்பில் இவ்வளவு வெளிப்படையான நகைச்சுவை அபூர்வம்.

தவறான கணக்கென்றால் அதை ஏன் கட்டிக்கொண்டு அழ வேண்டும்? கணினி இருப்பதால்தான். நிரல் எழுதுகிறவர்களுக்கு உந்தத்தைவிடத் திசைவேகம் கைக்கு வாகு, அதை வைத்தே எழுதிவிடும் ஆசை வரும். எதைக் காக்கிறோம் என்பதைப் பார்க்காமல் எழுதினால் நிரல் தவறான அலைக்கே போய்ச் சேரும் என்று ஹூவும் லஃப்ளாக்கும் 1994-இல் விளக்கினார்கள். படமெல்லாம் அழகாக வரும், அலை நிற்கும் இடம் தப்பாக இருக்கும். ராக்கெட் நாசிலுக்குள் அலை ஒரு சாண் தள்ளி நிற்பதென்றால் அதன் விலை என்ன என்று மகேந்திரகிரியில் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இதைவிடச் சிக்கலான இடம், சரியான கணக்கு எதுவென்றே தீராத இடம். ஒரே குழாயில் நீராவியும் தண்ணீரும் கலந்து ஓடுவது, அல்லது எண்ணெயும் வாயுவும் ஓடுவது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே வேகமும் அளவும் வைத்துச் சராசரி எடுத்து எழுதும் இருதிரவ மாதிரியை அணு உலைப் பாதுகாப்புக் கணக்குகளிலும் எண்ணெய்க் குழாய்க் கணக்குகளிலும் வெகுகாலமாகப் பயன்படுத்துகிறார்கள். 2003-இல் கைஃபிட்ஸ், சாண்டர்ஸ், செவர் மூவரும் அந்த மாதிரியின் எளிய வடிவத்திலேயே சிங்குலர் ஷாக் தலைகாட்டுவதைக் கண்டார்கள். அது குழாய்க்குள் உண்மையில் நடக்கும் ஏதோ ஒன்றின் அடையாளமா, சராசரி எடுக்கும்போது எதையோ காக்கத் தவறியதன் அடையாளமா என்பதில் இன்னும் ஒருமித்த முடிவு இல்லை. என் சாய்வு இரண்டாவதன் பக்கம். நிரல் ஓட்டுகிறவர்களிடம் இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. கணக்குக்காக ஓட்டத்தைக் கூறுபோடும் கட்டங்களைப் பொடியாக்கிக்கொண்டே போவார்கள். சாதாரண அதிர்ச்சி அலையின் உயரம் ஓரிடத்தில் நின்றுவிடும். கட்டம் சிறுக்கச் சிறுக்கக் கூர்முனை மட்டும் ஏறிக்கொண்டே போனால், கணினியை அணைத்துவிட்டு மறுபடி சமன்பாட்டுத் தாளை எடுக்க வேண்டியதுதான்.